உச்சிக்கு இரண்டு சங்கு

செவ்வூரணியில் மனிதர்களின் நிழல்கள் பின்தங்கத் தொடங்கியது ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, நகராட்சிக் கட்டிடத்தின் உச்சிச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவையும் பதினொரு நிமிஷம் கழித்து இன்னொரு தடவையும் ஊதிய அன்றைக்கு.

சங்கு என்றால் வாயால் ஊதுகிற சங்கு இல்லை. மொட்டைமாடியில் இரும்புத் தூணில் கட்டியிருந்த, ஊரைத் தாண்டிக் காட்டுக்குள்ளும் கேட்கிற மின்சாரச் சங்கு. தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசு ஷெட்டுகளும் அதைக் கேட்டுத்தான் திறந்தன, அதைக் கேட்டுத்தான் மூடின. பெண்கள் அதைக் கேட்டு உலை வைத்தார்கள், ஆண்கள் அதைக் கேட்டுச் சோற்றுப் போசியைத் திறந்தார்கள். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர்களும்கூட, சங்கு ஊதினால் குனிந்து கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்களே தவிர, சங்கு சரியாக ஊதுகிறதா என்று பார்த்ததில்லை.

அதை ஊதுவது ஒரு கம்ப்யூட்டர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நகராட்சியில் இருந்த ஒருவர் அதற்கு நிரல் எழுதி வைத்துவிட்டு, மாற்றலாகி, பிறகு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாமல் போனார். அவர் எழுதிய கம்ப்யூட்டர் மொழியின் இரண்டாம் பதிப்பு அந்தக் காலத்தில் நடப்பில் இருந்தது. பிற்பாடு உலகம் மூன்றாம் பதிப்புக்குப் போய்விட்டது. பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்க மேலிடத்திலிருந்து வந்த புது நிரலுக்கு மூன்று வேண்டும். சங்குக்கோ இரண்டுதான் புரியும். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வெயிலுகந்தாள் அந்தப் புதன்கிழமை காலையில் இரண்டை எடுக்காமலே பக்கத்தில் மூன்றை ஏற்றினாள். எடுக்காததற்குக் காரணம், சங்கு நிரலின் தலைமாட்டில் அந்த மனிதர் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: “இரண்டை எடுக்காதே.”

இரண்டுக்கும் ஒரே பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையில் எது முன்னால் நிற்கிறதோ அது ஏன் என்று கேட்கும், அதுதான் வழக்கம். அன்றைக்கு உச்சியில் இயந்திரம் பெயரைக் கூப்பிட்டது. இரண்டும் ஏன் என்று கேட்டன.

முதலில் கவனித்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தவர்கள். சாயங்கால வெயில் சாய்ந்து சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் சுந்தரவேலு இரண்டு கையையும் அகட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சுவரில் அவருடைய நிழல் குனிந்து கடையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, நிழலு இன்னும் கூட்டிக்கிட்டு இருக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

சுந்தரவேலு திரும்பிப் பார்த்தார். “கூட்டட்டும். கூட்டி முடிச்சுட்டு டீக்கு வரும்” என்றார். அவர் சொன்னபடியே பதினோராவது நிமிஷம் நிழல் நிமிர்ந்து கையை அகட்டியது.

மறுநாள் இருபத்திரண்டு நிமிஷம், அதற்கு மறுநாள் முப்பத்து மூன்று. மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆடுமாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வெளியூரிலிருந்து சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர்களுக்கும் நிழல் காலடியிலேயேதான் கிடந்தது. சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுக்கிற ஜனங்களுக்கு மட்டும் நிழல் பழைய சங்கோடு தங்கிவிட்டது. ஆள் போன பிறகும் அது அந்த இடத்திலேயே நின்று, ஆள் செய்த வேலையைச் செய்து முடித்துவிட்டு, ஆள் போன வழியில் தனியாக நடந்து வந்தது. வித்தியாசம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்ட நாட்களில் பகலில் நிழலில்லாத ஜனங்களும் இரவில் தெருவிளக்குக்குக் கீழே ஆளில்லாத நிழல்களும் நடந்தார்கள். உச்சி வெயிலில் மொட்டைமாடிகளில் முந்தின இரவு காற்றுக்குப் படுத்தவர்களின் நிழல்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. வற்றல் காயப்போட ஏறிய பெண்கள் அவற்றை மிதிக்காமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் வீட்டுக்கு வீடு சண்டை. புருஷன் எங்கே நின்றான், யாரோடு நின்றான் என்று சுவர் காட்டிக்கொடுத்தது. கடையில் திருடியவன் வீட்டுக்குப் போய் அரைநாள் கழித்து, அவன் நிழல் வந்து அதே அலமாரியைத் திறந்தது. ஏட்டையா நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது வருகிறவரை காத்திருந்து பிடித்தார். பிறகு ஜனங்களே ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தார்கள்: பிறத்தியார் நிழலைப் பார்த்துப் பேசுவதில்லை. தன் நிழல் வருகிற நேரம் தெரிந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு, “நிழல் வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறோம்” என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது, அதுவும் நாகரிகமில்லை என்று நின்றுபோனது. பிறந்த பிள்ளைக்கு நிழல் உடனே வராது. ஒரு பகல் ஓர் இரவு கழித்து, பிள்ளை பால் குடித்துத் தூங்கும்போது, தொட்டில் துணியில் ஒரு சின்னக் கறுப்பு வந்து கையையும் காலையும் உதைத்து அழும். அன்றைக்குத்தான் சர்க்கரை கொடுத்தார்கள்.

செத்தவர்களின் கதைதான் வேறு. பத்தாவது வார்டில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பால்பாண்டி விடியக்காலையில் மாரடைத்துப் போனபோது, தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே அவருடைய நிழல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடப் போனது. அவர் சம்சாரம் இலை போட்டாள். அது சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்து, விடியக்காலை நேரம் ஆனதும் இல்லாமல் போனது. அன்றிலிருந்து, நிழல் படுத்த பிறகுதான் காரியம் என்று ஆகிவிட்டது. துட்டிக்கு வந்தவர்கள், “எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டுவிட்டு, “நிழலு எப்பப் படுக்கும்?” என்றும் கேட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் விளக்கை அணைப்பதில்லை.

வெயிலுகந்தாள் சும்மா இருக்கவில்லை. மூன்றைப் பின்னால் தள்ளி இரண்டை முன்னால் நிறுத்திப் பார்த்தாள். சான்றிதழ் நிரல் படுத்துக்கொண்டது. இரண்டைப் பின்னால் தள்ளினாள். நிழல்கள் தெருவில் நடந்தது நடந்தபடி அப்படியே நிற்க, ஊர் முழுக்க ஒரே கூச்சல், ஓடிவந்து மாற்றிவிட்டாள். கடைசியில் நகராட்சிக் கூட்டத்தில் தலைவி பொன்னுத்தாய், “யாருக்கும் சேதாரமில்ல, களவும் கொறஞ்சிருக்கு. ரெண்டு சங்கும் ஊதிட்டுப் போகட்டும்” என்று சொல்ல, தீர்மானம் நிறைவேறியது.

எல்லாரும் வெயிலு என்று கூப்பிட்ட வெயிலுகந்தாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாரதி தெருவின் கடைசி வீட்டில் அவளும் தங்கச்சி சீனியம்மாளும் இரண்டே பேர். அப்பா அம்மா இல்லை. கல்யாணப் பேச்சு இரண்டு பேருக்கும் வந்து வந்து போய், பிறகு வராமலே நின்றுவிட்ட வீடு. சீனி பட்டாசு ஷெட்டில் திரி வைக்கிற வேலைக்குப் போனாள். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற சுபாவம். நிழல்கள் இரண்டு நாள் பின்தங்கிய சமயத்தில், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெறும் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டுவாள்.

“யாருக்குடீ டாட்டா?” என்பாள் வெயிலு.

“ஒனக்குத்தான்க்கா. நாளைக்கழிச்சு வந்து சேரும்.”

வந்து சேரும். நாளைக்கழித்து, வெயிலு தனியாக உட்கார்ந்து இட்லி தின்னும்போது, சுவரில் ஒரு கை எழுந்து ஆடும்.

பதின்மூன்று மாதம் போனது. புரட்டாசி. நிழல்கள் சரியாக மூன்று நாள் பின்னால் இருந்தன. ஷெட்டுகளில் தீபாவளி வேலை நெருக்கியது. ஒரு வியாழக்கிழமை உச்சியில், முதல் சங்கு ஊதி ஏழு நிமிஷத்தில், ஊருக்குத் தெற்கே ஒரு ஷெட் வெடித்தது. எட்டுப் பேர். அதில் சீனி ஒருத்தி.

வெயிலு ஆபீஸிலிருந்து செருப்பில்லாமல் ஓடினாள். நாற்பது நிமிஷம் ஓடி, இடிந்து கருகிய சுவருக்கு முன்னால் தரையில் விழுந்தாள். அவளைத் தூக்க ஆளில்லை, ஏனென்றால் அங்கே வந்திருந்த அத்தனை பேரும் தரையில்தான் கிடந்தார்கள். அந்தி சாய்கிற நேரத்தில் அவளாகத்தான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டுப் பேரையும் ஒன்றாக எரித்தார்கள். மத்தியானம் தலைவி பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்து, வெயிலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“தாயி, கேக்கக் கூடாத நேரத்துல கேக்குறேன். அந்த மிசினு ஒனக்கு மட்டுந்தான் தெரியும். ஞாயித்துக்கெழம உச்சிக்கு அந்த எட்டு நெழலும் ஷெட்டுக்குப் போகும். போயி, மறுபடி... அத ஊரு பாக்கக் கூடாது. நாளைக்கு உச்சிச் சங்குக்குள்ள பழசத் தூக்கி எறிஞ்சிரு. அவங்கவங்க நெழலு அவங்கவங்க காலுக்கு வந்து சேரட்டும்.”

“ஆளில்லாத நெழலுக?”

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வீட்டில் அப்போது செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டிருந்தது. சீனியின் நிழல் ஆறு மணிச் சங்குக்கு வாசலில் வந்தது, கால் கழுவியது, குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தது. வெயிலு டியூப் லைட்டைப் போட்டுவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய நிழலும் ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்தது. பையை மாட்டியது, அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கியது. அப்போதுதான் வெயிலுவுக்கு உறைத்தது, இது எந்தச் செவ்வாய்க்கிழமை என்று.

சீனி அன்றைக்குச் சொன்னாள்: “அக்கா, நான் நாளைலருந்து போகல. அந்த ரூம்ல உக்காந்தா நெஞ்சு அடைக்கி. நாலு பேரு உக்கார்ற எடத்துல எட்டுப் பேரு உக்காந்திருக்கோம்.” வெயிலு காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “தீவாளி கழியட்டும்டீ. பாதியில நின்னா அடுத்த வருசம் சேக்க மாட்டான்.” சீனி, “அடுத்த வருசமும் போகப் போறதில்லக்கா” என்றாள். அதற்கு வெயிலு சொன்னது ஒன்று உண்டு. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

சுவரில் சத்தம் இல்லை. ஒரு நிழல் நின்றுகொண்டு கையை விரித்து விரித்துப் பேசியது, ஒரு நிழல் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கியது. வெயிலு தன் நிழலைப் பார்த்தாள். அதன் குனிந்த கழுத்தையும், நிற்காமல் போய்வந்த கையையும் பார்த்தாள். “திரும்பு” என்றாள். எழுந்து சுவரருகே போய் அதன் காதிருக்கும் இடத்தில் வாயை வைத்து, “திரும்பிப் பாரு ஒரு தடவ, பாரு” என்றாள். அது வெண்டைக்காயின் காம்பை நறுக்கி ஒதுக்கி வைத்தது. நின்ற நிழல் கையைத் தொங்கவிட்டது. அடுப்பங்கரைக்குப் போனது.

அன்று இரவு முழுக்க விளக்கு எரிந்தது. எட்டு வீட்டிலும் எரிந்தது.

சனிக்கிழமை காலையில் புதன்கிழமை விடிந்தது. சீனியின் நிழல் குளித்து, தலை சீவி, சோற்றுப் போசியைப் பையில் வைத்தது. செவ்வாய் ராத்திரியிலிருந்து அக்காளும் தங்கச்சியும் பேசவில்லை. புதன்கிழமை காலையில் சீனி கிளம்பியபோது வெயிலு வேண்டுமென்றே பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றிருந்தாள். ஆகவே அவள் பார்க்காத ஒன்றை இப்போது பார்த்தாள். வாசல்வரை போன நிழல் நின்றது. உள்ளே திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து, கையை உயர்த்தி ஆட்டியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆட்டியது. பிறகு போனது.

வெயிலு அந்த இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டரைச் சங்கு ஊதித்தான் எழுந்தாள், முகம் கழுவி ஆபீஸுக்குப் போனாள்.

ஆபீஸ் வாசலில் ஏழு வீட்டு ஜனமும் நின்றிருந்தது. தலைவி சொன்ன சேதி ஊருக்குள் பரவியிருந்தது. ஒரே மகளைப் பறிகொடுத்த வள்ளிக்கண்ணு படியில் உட்கார்ந்து தரையை அடித்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துரு தாயி, இப்பவே எடுத்துரு! எம்புள்ள ரெண்டு தடவ சாகணுமா? சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்காளே, அதப் பாத்துக்கிட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியல!”

“அந்தப் பேச்சு ஆகாது மதினி” என்று குருவம்மா சீறினாள். அவள் புருஷன் சங்கிலி அந்த ஷெட்டில் போர்மேன். “ஒங்களுக்கு வேண்டாட்டி கண்ண மூடிக்கோங்க. அவுக இன்னும் ஒரு நா என் வீட்டுல இருக்காக. நேத்துச் சாயங்காலம் பூரா கட்டில்ல உக்காந்து கடல உரிச்சாக. அத எடுக்க நீங்க யாரு?”

“ஞாயித்துக்கெழம அவரு ஷெட்டுக்குப் போவாரே, அப்ப என்ன செய்வ? கையப் பிடிச்சு நிறுத்துவியா?” என்றாள் வள்ளிக்கண்ணு.

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதிப் பேர் எடு என்றார்கள், பாதிப் பேர் எடுக்காதே என்றார்கள், ஒரு தகப்பன் மட்டும் மெதுவாக, “எடுத்தாலும் அழுவோம், எடுக்காட்டியும் அழுவோம். சண்ட போடாதீக” என்றார்.

வெயிலு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதின்மூன்று மாதமாக அவள் எது முன்னால், எது பின்னால், எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று மட்டுமே யோசித்திருந்தாள். இரண்டையும் மூன்றையும் ஒரே வீட்டுக்குள் நிறுத்தி வைத்து ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் குருவம்மாவும் வள்ளிக்கண்ணுவும் மாறி மாறிக் கத்துவது கதவு வழியாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டாள்.

ஊருக்கு மூன்றைக் கொடுத்தாள். சங்கையும் அதற்குப் புரிகிறபடி திருத்தி எழுதினாள், பதின்மூன்று மாதம் தள்ளிப்போட்ட வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டை எடுக்கவில்லை. இயந்திரத்துக்குள்ளே எட்டு அறை கட்டினாள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டின் நகல் ஒன்றை வைத்து, அந்த வீட்டுக்கு மட்டும் கேட்கிற ஒரு சின்னச் சங்கை வைத்தாள். ஓர் அறையில் நடப்பது இன்னோர் அறைக்குத் தெரியாது. பிறகு கதவைத் திறந்து ஒவ்வொரு வீட்டாராகக் கூப்பிட்டாள்.

“ஒங்க வீட்டுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க. மத்தவங்க சொல்றது ஒங்களத் தொடாது.”

வள்ளிக்கண்ணு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “எடுத்துரு” என்றாள். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது வெறும் சுவர் இருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து, “திருப்பித் தர முடியுமா தாயி?” என்று கேட்டாள், முடியாது என்று தெரிந்தேதான் கேட்டாள். குருவம்மா, “அவுக கடல உரிச்சுக்கிட்டே இருக்கட்டும். புதன்கெழம சாயங்காலம் திரும்பவும் உரிப்பாக, அதுலயே நிறுத்திரு” என்றாள். வெயிலு அந்த அறையின் சங்கைப் புதன்கிழமை சாயங்காலத்தில் நிற்கிறபடி எழுதினாள். சங்கிலியின் நிழல் அந்த வீட்டுக் கட்டிலில் இன்றைக்கும் குனிந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் குருவம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அந்தப் பக்கம் முதுகு காட்டிச் சாப்பிட்டாள். இப்போது அந்தக் கட்டிலுக்கு நேரே கொடி கட்டிச் சேலை காயப்போடுகிறாள், இருந்தாலும் அதை எடுக்கச் சொல்லி அவள் வந்ததில்லை. மற்ற ஐந்து வீட்டாரும் அவரவர் மனசுக்குப் பட்டதைச் சொன்னார்கள்.

எட்டாவது கட்டம் மிச்சமிருந்தது. அது வெயிலுவின் வீட்டுக்கு உரியது. நிறுத்த அவளுக்குத் தெரியும். வாசலில் கை ஆட்டின இடம் தாண்டிப் போய்விட்டது, ஆனால் வியாழன் காலையில் தலை சீவுகிற இடம் இன்னும் வரவில்லை. அதில் நிறுத்தினால் சீனி காலம் முழுக்கத் தலை சீவிக்கொண்டிருப்பாள், அதாவது வெயிலு சாகிறவரை. அவள் நிறுத்தவில்லை. அந்த அறையை ஓடவிட்டாள். ஒன்று மட்டும் செய்தாள்: தன் பெயரையும் அந்த அறைக்குள் சேர்த்து எழுதினாள்.

சனிக்கிழமை உச்சிக்கு ஒரே ஒரு சங்கு ஊதியது. ஜனங்கள் எல்லாரும் தெருவில் வந்து நின்றார்கள். சந்துபொந்துகளிலிருந்தும் மொட்டைமாடிகளிலிருந்தும் நிழல்கள் தரையோடு தரையாக வழிந்து வந்து, அவரவர் காலைத் தேடிப் பிடித்து, உச்சி நேரத்து அளவுக்குச் சுருங்கிப் பாதத்துக்கு அடியில் ஒடுங்கின. கொஞ்ச நேரம் யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. வெயிலு மட்டும் நிழல் இல்லாமல் வீட்டுக்கு நடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனியின் நிழல் கிளம்பியபோது அவளும் கூடவே கிளம்பினாள். ஷெட்டு வண்டி வராத நாள். ஆனால் நிழல், சீனி வழக்கமாக வண்டி ஏறுகிற இடத்தில் ஏறி, ஆட்களில்லாத பாதையில், தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்த வாக்கில், பனைகளின் மேலும் வேலிமுள்ளின் மேலும் விழுந்து விழுந்து போனது. வெயிலு ஒரு ஆட்டோவை அமர்த்திக்கொண்டு பின்னால் போனாள். ஆட்டோக்காரர் அந்த நிழலை முந்தாமல், ஒரே அளவாக ஓட்டினார்.

ஷெட்டுக்குச் சீல் வைத்திருந்தார்கள்; சீல் வைக்கக் கதவுதான் இருந்தது, பின்னால் சுவர் இல்லை. கூரையில்லாத தரையில் வெயில் நேராக விழுந்தது. நிழல் வாசலில் செருப்பைக் கழற்றியது. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒடுங்கி, முழங்கையை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டது, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி. வேறு நிழல்கள் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்ன வீடுகளும், வேறிடத்தில் நிறுத்தச் சொன்ன வீடுகளும், நேரத்துக்கு வேறு கணக்குச் சொன்ன வீடுகளுமாக, அந்த அறையில் ஒற்றை நிழல்தான் இருந்தது. நாலு பேர் உட்காருகிற இடத்தில் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து, இல்லாத குழாய்களை எடுத்து எடுத்துத் திரி வைத்தாள்.

வெயிலு எதிரே சாம்பலில் உட்கார்ந்தாள். பேச வேண்டும் என்று மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். “சரிடீ, நீ நாளைலருந்து போக வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள். நிழல் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஊரிலிருந்து உச்சிச் சங்கு கேட்டது. நிழல் கையைத் துடைத்துக்கொண்டு, முதுகை நெளித்து நிமிர்ந்தது. நகர்ந்து, சுவர் இருந்த ஓரத்துக்குப் போனது. போசியை எடுத்து மடியில் வைத்தது. வெயிலு எழுந்து நின்றுவிட்டாள். வரப்போவதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினாள், பிறகு பார்க்காமல் இருக்கக் கூடாது என்று திறந்தாள். அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. நெருப்புக்கு நிழல் கிடையாது. சீனி போசி மூடியைத் திருகித் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். அந்தக் குனிந்த தலை, அந்தக் கை, அந்த மூடி, அவ்வளவும் இருந்தது, பிறகு இல்லை. தரையில் வெயில் மட்டும் இருந்தது.

வெயிலு அங்கிருந்து போகவில்லை. எதற்காக இருக்கிறாள் என்று ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. அவர் வேப்பமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் ஆனது. ஊர்ப் பக்கமிருந்து பாதையில் ஒரு நிழல் ஓடி வந்தது. செருப்பில்லாத ஓட்டம், சேலை கால்களைத் தட்டுகிற ஓட்டம். வந்த வேகத்தில் சுவர் இருந்த இடத்துக்கு முன்னால் விழுந்தது. விழுந்து தரையைப் பிராண்டியது. முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்கியது, பிறகு திரும்பவும் குலுங்கியது. சுற்றிலும் யாருமில்லை.

வெயிலு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு பெண், தங்கச்சியைப் பறிகொடுத்தவள், என்றுதான் தோன்றியது. கையை நீட்டி அந்தக் கறுப்பு முதுகின் மேல் வைத்தாள். தரை கொதித்தது. கையை எடுக்கவில்லை. மெதுவாக, பிள்ளையைத் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொடுத்தாள். பக்கத்து முள்காட்டின் நிழல் நீண்டு அவர்கள் மேல் வருகிறவரை, தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தி சாய்கிற நேரத்தில் அது கையை ஊன்றி எழுந்தது. எழுந்து நின்று, முகத்தைத் துடைத்தது. அந்த அறையின் சங்கை அந்த நேரத்தோடு முடிகிறபடிதான் அவள் எழுதியிருந்தாள். நிழல் ஓரடி பின்னால் நகர்ந்தது, அவள் காலடியைத் தொட்டது, நின்றது.

“வா” என்றாள் வெயிலு. “வீட்டுக்குப் போவோம்.”

அவள் ஆட்டோவை நோக்கி நடந்தாள். சாய்ந்த வெயிலில் அது அவளைவிட மூன்று மடங்கு நீளமாக அவளோடு நடந்தது.